கிராண்ட் பார்க் புல்வெளிக்கு வாருங்கள்: சிகாகோ வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

நேப்பர்வில், அரோரா, ஷாம்பர்க் என்று சிகாகோவைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், வார இறுதிகளில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மண்டபம் பிடித்து விழா எடுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் நாம் எல்லோரும் அழைத்துப்போகிற இடங்கள் ஒன்றுதான். முதலில் மிச்சிகன் அவென்யூவில் இருக்கும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட். 1893 செப்டம்பரில் விவேகானந்தர் பேசிய கட்டடம் என்று சொல்லி வாசலில் நிற்க வைத்துப் படம் எடுக்கிறோம். அங்கிருந்து தெருவைத் தாண்டி மில்லினியம் பார்க்குக்குள் போய், அனீஷ் கபூரின் பளபளக்கும் ‘பீன்’ சிற்பத்தின் அருகே இன்னொரு படம். அதோடு காருக்குத் திரும்பிவிடுகிறோம்.

அந்த பீனிலிருந்து கிழக்கே இரண்டு நிமிடம் நடந்தால் ஒரு பெரிய புல்வெளி. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஏறக்குறைய பத்து வாரங்கள், வழக்கமாகப் புதன், வெள்ளி, சனி மாலைகளில், அங்கே ஒரு முழு சிம்பொனி இசைக்குழு வாசிக்கிறது. வயலின்களும் செல்லோக்களும் கொம்புகளும் டிரம்பெட்டுகளும், சில இரவுகளில் பின்னால் அணிவகுத்து நிற்கும் பெரிய பாடகர் குழுவும். டிக்கெட் கிடையாது. பெயர் கேட்பவர் கிடையாது. நடந்து போய் உட்காரலாம். இதுதான் கிராண்ட் பார்க் இசை விழா.

பல கோடைகளாக நான் அங்கே போய்க்கொண்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும் அந்தப் புல்லில் தமிழ்க்குரல் என் காதில் விழுந்த மாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் இந்த மடல்.

எனக்கு இந்த வழியைக் காட்டியவர் என் அம்மா. மயிலாடுதுறையில் மாயூரநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். ஒரு புதன்கிழமை மாலை பீனைப் பார்த்து முடித்ததும் கால் வலிக்கிறது என்றார். உட்கார இடம் தேடிப் புல்வெளிப் பக்கம் போனோம். மேடையில் கறுப்பு உடையில் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். கசமுசாவென்று எல்லாரும் ஆளுக்கொன்றை வாசித்துப் பார்த்தது திடீரென்று அடங்கியது. ஒரே ஒரு வாத்தியம், ஒரே ஒரு சுரத்தை, நெடுநேரம் பிடித்து நின்றது.

“சுருதி சேர்க்கிறார்கள்” என்றார் அம்மா. சற்று நேரம் காதைக் கொடுத்துவிட்டு, “இது சீவாளி வைத்த வாத்தியம்” என்றார்.

எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அது ஓபோ. அதன் வாயில் நாணல் பட்டைகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். நம் நாதஸ்வரத்தின் சீவாளியும் அந்த வகைதான். சிம்பொனி இசைக்குழுவில் ஓபோ கொடுக்கும் சுரத்துக்குத்தான் மற்ற எல்லாரும் சுருதி சேர்க்க வேண்டும் என்பது மரபு. சிம்பொனி என்ற சொல்லையே அதிகம் கேட்டிராத ஒருவர், நாதஸ்வரம் கேட்டுக் கேட்டுப் பழகிய காதை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தார். “நமக்கு அதெல்லாம் புரியாது” என்று இனி யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

அன்று வாசித்தது செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் எட்டாவது சிம்பொனி. செல்லோக்கள் கனத்த குரலில் ஏதோ துக்கம் சொல்வதுபோலத் தொடங்குகின்றன. அது ஓய்ந்த இடத்தில் புல்லாங்குழல் ஒன்று தனியாக, விடிகாலைக் குருவி மாதிரி ஒரு சின்னக் குரலை எடுக்கிறது. அம்மா என் கையைத் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. பின்னொரு நாள்தான் படித்தேன்: 1893 ஆகஸ்ட் 12 அன்று, சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்திருந்த துவோர்ஷாக் இதே சிம்பொனியைத் தானே நின்று நடத்தியிருக்கிறார். விவேகானந்தர் இந்த நகரத்தில் பேசுவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. ஒரே ஊர், ஒரே கோடை. அந்த இரண்டில் ஒன்றை மட்டும் நாம் நெஞ்சில் வைத்துக்கொண்டோம். இன்னொன்றுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

இது ஏன் இலவசம் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இலவசம் என்றால் தரம் குறைவாக இருக்கும், புதிதாகப் படிக்கிறவர்கள் வாசிப்பார்கள் என்று ஒரு எண்ணம். அந்த எண்ணம் தவறு. இலவசத்துக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

1836இல் இந்த ஏரிக்கரை நிலத்தின் வரைபடத்தில், இது என்றென்றும் கட்டடமோ வேறு தடையோ இல்லாமல் திறந்து கிடக்க வேண்டிய பொது நிலம் என்று எழுதிவைத்தார்கள். எழுதியதை நகரமே பிற்பாடு மறக்கப் பார்த்தது. தபால்வழி வியாபாரத்தில் பெரும் பணம் ஈட்டிய ஆரன் மாண்ட்கமரி வார்டு என்பவர் 1890இலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நீதிமன்றம் ஏறி, இந்தக் கரையைக் கட்டடங்களிடமிருந்து மீட்டார். நாம் விரிப்பை விரிக்கும் புல் அப்படி வழக்காடிக் காப்பாற்றப்பட்டது. இன்றைய இசை மேடையைக் கட்டியபோதுகூட, உயரக் கட்டுப்பாடு குறுக்கே வந்ததால் அதைக் கட்டடம் என்று சொல்லாமல் கலைப்படைப்பு என்றே வகைப்படுத்தினார்கள்.

இசை வந்தது 1935இல். பேசும் படம் வந்த பிறகு திரையரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்த இசைக்கலைஞர்கள் கூட்டம் கூட்டமாக வேலை இழந்திருந்தார்கள். அதன்மேல் பெரும் பொருளாதார வீழ்ச்சி. சிகாகோ இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து கிராண்ட் பார்க்கில் இலவசக் கச்சேரிகளைத் தொடங்கிவைத்தார். கேட்பவருக்கு இலவசம், வாசிப்பவருக்குக் கூலி. இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. கையில் காசில்லாத ஊர் கேட்டது, வேலையில்லாத கலைஞன் வாசித்தான், இருவருக்கும் மாலை பிழைத்தது. 1944இல் இதற்கென்றே ஒரு நிரந்தர இசைக்குழு அமைந்தது. 1958இல் மாஸ்கோவின் சைகோவ்ஸ்கி போட்டியில் வென்று ஊர் திரும்பிய இளம் பியானோ கலைஞர் வான் கிளைபர்னை, அந்தக் கோடையிலேயே மக்கள் இங்கே திரண்டு வந்து கேட்டார்கள். 2020இல் பெருந்தொற்றால் ஒரு பருவம் முழுவதும் நின்றது. மறு ஆண்டே மீண்டும் வந்தார்கள்.

இன்று வாசிப்பவர்களில் பலர் குளிர்காலம் முழுக்க வேறு நகரங்களின் இசைக்குழுக்களிலும் ஆபெரா அரங்குகளிலும் வேலை செய்கிறவர்கள். 2000இலிருந்து 2024 வரை கார்லோஸ் கால்மார் இந்தக் குழுவை நடத்தினார். 2025இலிருந்து ஜியான்கார்லோ குவெரேரோ நடத்துகிறார். ஒரே வாரத்தில் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகளைத் தயார்செய்து மேடை ஏற்றுவது எளிய வேலை இல்லை.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004இல் திறந்த இந்த மேடையை வடிவமைத்தவர் ஃபிராங்க் கெரி. மேடைக்கு மேலே எஃகுத் தகடுகள் காற்றில் பறக்கும் தலைமுடிபோல விரிந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது புல்வெளிக்கு மேலே இருக்கும் பந்தல். ஆம், பந்தல் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஏறக்குறைய 600 அடி நீளம், 300 அடி அகலத்துக்கு எஃகுக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து போகின்றன. கூரை இல்லை, வானம் தெரிகிறது. அந்தக் குழாய்களில்தான் ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேடையிலிருந்து ஒலி நடந்து வரும் நேரத்தைக் கணக்கிட்டு, தூரத்து ஒலிபெருக்கிகள் அந்த அளவுக்குத் தாமதித்து ஒலிக்கும். அதனால் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் இசை மேடையிலிருந்தே வருகிறது. தலைமேல் ஒலிபெருக்கி கட்டி அலறுவதுபோல இருக்காது. முன்னால் 4,000 இருக்கைகள், பின்னால் புல்லில் 7,000 பேருக்கு இடம். முன்வரிசை இருக்கைகளில் ஒரு பகுதியைச் சந்தா கட்டியவர்களுக்கு ஒதுக்கிவைப்பார்கள். மற்றது யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு. என்னைக் கேட்டால் புல்தான் சிறந்தது. சிறு பிள்ளைகள் இருந்தால் புல்லைத் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

கோயில் திருவிழாவில் மணலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு விடிய விடிய நாதஸ்வரம் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வெட்டவெளியில், குழந்தை மடியில் தூங்க, பக்கத்தில் யாரோ முறுக்கு கடிக்க, இசை கேட்பது நமக்குப் புதிதா? டிக்கெட் வாங்கி, குளிரூட்டிய அரங்கில் அசையாமல் உட்கார்ந்து கேட்பதுதான் நம் வழக்கத்தில் பிற்பாடு வந்தது. இந்தப் புல்வெளி நம் பழைய வழக்கத்துக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தபோது நம் வீடுகளில் எவ்வளவு மகிழ்ச்சி! எத்தனை வாழ்த்துகள், எத்தனை பகிர்வுகள்! நானும் நெகிழ்ந்து போனேன். அன்று நாம் கொண்டாடியது ஒரு தமிழரை மட்டும்தானா, சிம்பொனி என்ற வடிவத்தையும் சேர்த்தா? வடிவத்தையும் சேர்த்து என்றால், அதே வாத்தியங்கள், அதே அமைப்பு, நாம் வாழும் ஊரில் வாரம் மூன்று மாலை நம்மை அழைக்கின்றன. பண்ணைபுரத்தில் பிறந்த ஒருவர் அந்த இசையைத் தேடி எவ்வளவு தூரம் போயிருக்கிறார். நமக்கு ஒரு ரயில் தூரம்.

இன்னும் பின்னால் போனால், வயலினை நம் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரைச் சேர்கிறது; சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டார். அண்ணனோ ஆங்கிலேய பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டு சுரங்கள் என்று நம் பிள்ளைகள் பாட்டு வகுப்பில் பாடுகிறார்களே, அவைதான். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் காதுகள் கதவைத் திறந்துவைத்துவிட்டன.

பெற்றோர்களே, இனி நான் சொல்வது உங்களுக்கு. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளி இசைக்குழுவில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். வயலின், வயோலா, கிளாரினெட். வாடகைக்கு வாத்தியம் எடுத்துக்கொடுத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி ஒத்திகைக்குக் கொண்டுபோய் விடுகிறோம். பிள்ளைகள் வாசிக்கும் இசையைப் பெரியவர்கள் முழுமையாக வாசித்து அவர்கள் கேட்டிருக்கிறார்களா?

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டாம் வயலின் வரிசையில் பின்னால் உட்காருவாள். ஒரு நாள் வாத்தியப் பெட்டியை மூலையில் வைத்துவிட்டு, தன் பகுதியில் ராகமே இல்லை, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப இழுக்கிறேன், நான் வாசிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கோடையில் ஒரு பகல் அவளை ஒத்திகைக்கு அழைத்துப் போனேன். வார நாட்களில் பகலில் நடக்கும் ஒத்திகைகளையும் யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது.

கலைஞர்கள் சாதாரண உடையில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, காற்றில் தாள் பறக்காமல் ஸ்டாண்டில் கிளிப் மாட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நடத்துநர் பாதியில் நிறுத்தினார். மற்ற எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டாம் வயலின்களையும் வயோலாக்களையும் மட்டும் அந்த இடத்தை வாசிக்கச் சொன்னார். ராகம் இல்லை. ஒரே சுரம், பிறகு பக்கத்துச் சுரம், மறுபடியும் பழைய சுரம். ஆனால் பத்து இருபது வில்கள் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வந்தன. அவருக்குப் போதவில்லை. மீண்டும் கேட்டார். மூன்றாம் முறை ஏதோ ஒன்று சூடானது; எனக்கே தெரிந்தது. பிறகு எல்லாரையும் சேர்த்து வாசிக்கவைத்தபோது, அதற்கு முன் வெறும் அழகாக இருந்த ராகம் இப்போது கீழே தரை கிடைத்ததுபோல நின்றது. என் மகள் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் இருவராகப் பகிர்ந்த ஸ்டாண்டில், ஒருவர் வாசிப்பை நிறுத்திப் பக்கத்தைப் புரட்ட, மற்றவர் விடாமல் வாசிப்பதைக் காட்டி, “என் வேலை அதுதான்” என்றாள். அன்று மாலை பெட்டியைத் தானே திறந்தாள். நான் நூறு முறை சொல்லியிருந்தாலும் அது நடந்திருக்காது.

நேரம் இல்லை என்பீர்கள். கோடையில் தமிழ் வகுப்புகளுக்கு விடுமுறை. பத்து வாரத்தில் ஒரு மாலை கிடைக்கும். செலவு என்பீர்கள். பூங்காவுக்கு அடியிலேயே கார் நிறுத்தலாம், ஆனால் கட்டணம் அதிகம்; மெட்ரா ரயிலில் வாருங்கள். அரோரா, நேப்பர்வில் ரயில் வந்து நிற்கும் யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி நடந்தால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பிள்ளைகளுக்கு அந்த நடையே பிடிக்கும். புதன், வெள்ளியில் வழக்கமாக ஆறரைக்கும், சனிக்கிழமை ஏழரைக்கும் தொடங்குவார்கள். ஒன்றரை மணி நேரம், சில நாள் சற்றுக் கூடுதல்.

சாப்பாடு கொண்டுவரலாம். எலுமிச்சைச் சாதம், புளியோதரை, தயிர்ச் சாதம் எல்லாம் இந்தப் புல்லுக்கு அருமையாகப் பொருந்தும். நுழைவாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் டப்பா போதும். பக்கத்து விரிப்பில் ஒயின் அருந்துவார்கள், அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெதுவான பகுதி வாசிக்கும்போது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். ஜூன் மாதமாக இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். பொழுது சாய்ந்ததும் ஏரிக்காற்று எலும்பைத் தொடும், முதியவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். சிம்பொனியில் பெரும்பாலும் நாலு பகுதிகள் இருக்கும், நடுவில் கை தட்டலாமா என்று தயங்க வேண்டாம். எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகு தட்டுவது வழக்கம். யாராவது நடுவில் தட்டினாலும் இந்தப் புல்வெளியில் யாரும் முறைக்க மாட்டார்கள். மிச்சிகன் அவென்யூவில் தீயணைப்பு வண்டி கத்திக்கொண்டு போகும். வாசிப்பவர்கள் நிறுத்துவதில்லை, நாமும் பழகிவிடுவோம். லொல்லபலூசா என்ற பெரிய ராக், பாப் இசைத் திருவிழா நடக்கும் வார இறுதியில் மட்டும் அந்தப் பக்கமே திருவிழாக் கூட்டமாக இருக்கும், இசைக்குழுவும் பக்கத்தில் இருக்கும் ஹாரிஸ் அரங்குக்குள் போய்விடும். அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

தமிழ்ப் பள்ளிகளையும் அமைப்புகளையும் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆண்டு நாட்காட்டியில், கோடையில் ஒரே ஒரு புதன்கிழமையைக் குறித்துவையுங்கள். பேனர் வேண்டாம், மேடை வேண்டாம், வரவேற்புரை வேண்டாம். முந்தைய வாரம் பிள்ளைகளுக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, அன்று வாசிக்கப்போகும் இசை எது, எந்த வாத்தியம் எந்தப் பக்கம் உட்காரும் என்று தமிழில் சொல்லிக்கொடுங்கள். தமிழில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சுருதி, வில், நாணல், தாளம் என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. மேடையில் நடப்பதை அந்தச் சொற்களால் பார்க்கிற பிள்ளைக்குத் தமிழும் வீட்டுப்பாடமாகத் தெரியாது. பிள்ளைகளின் பாட்டு, மிருதங்க ஆசிரியர்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் கேட்டுவிட்டுச் சொல்லும் ஒரு வார்த்தை, நாம் சொல்லும் பத்துக்குச் சமம். தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் கண்டிப்பாக அழைத்து வாருங்கள். மடக்கு நாற்காலி மட்டும் ஒன்று கொண்டுவந்தால் போதும்.

பருவம் முடிந்ததும் இயன்றவர்கள் விழாவுக்கு ஒரு சிறு நன்கொடை அனுப்புங்கள். பூங்கா நிர்வாகமும் நகரமும் தருவதோடு தனிமனிதர்கள் கொடுப்பதையும் சேர்த்துத்தான் இது நடக்கிறது. முடியாதவர்கள் வந்து உட்கார்ந்தாலே போதும். புல்வெளி நிறைந்திருக்கும்வரை இதற்குக் கட்டணம் வைக்க எவருக்கும் எளிதில் துணிவு வராது.

மேடையைப் பார்த்து நின்றால் புல்வெளியின் இடது பக்கம், பந்தலின் கால் ஒன்று தரையில் இறங்கும் இடத்துக்கு அருகில் நாங்கள் இருப்போம். சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட பவானி ஜமுக்காளம். அம்மா கொண்டுவந்து கொடுத்தது, எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். நாங்கள் நாலு பேர்தான்.

அன்புடன்,
அரோராவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்துத் தகப்பன்